இரண்டு நொடி ஓடி நிற்கும் பெட்டி

பிப்ரவரி 3, திங்கள்

மேஸ்திரிக்கு,

நலம். நீயும் நலமென்று போன வாரம் நீ அனுப்பிய ஐந்து வரியிலிருந்து தெரிந்துகொண்டேன். இரண்டு வரி குளிரைப் பற்றி, ஒரு வரி சாப்பாட்டைப் பற்றி. மீதி இரண்டில் அங்கேயே வேலை பார்க்க இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, பிப்ரவரிக் கடைசிக்குள் வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம் என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். சரி, அதை விடு.

நீ கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் நேற்றுக் காலையிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பொத்தானை அமுக்கினால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது. இரண்டே நொடி. நின்றுவிடுகிறது. நான் தொடாமலே மறுபடி சுற்றி, மறுபடி நிற்கிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. பூனை தும்முகிற மாதிரி ஒரு சத்தம் வேறு.

ஆஸ்பத்திரிக் கருவிகளின் கையேடு மொழிபெயர்ப்பு அதற்குள்தான் இருக்கிறது. அறுநூற்று நாற்பது பக்கத்தில் இருநூற்றுப் பத்து பாக்கி. இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுத்தால் நிறுவனத்தில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். அது நடந்தால் நீ அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மார்ச்சில் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் தனியாக எடுத்து வைத்த பிரதி மூன்று வாரப் பழசு. திட்டாதே.

மேல்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். அவரும் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டியவராம். "பவர் சப்ளையா இருக்கலாம், திறந்து பாக்கட்டுமா?" என்றார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் கைபேசியைத் திறந்தால் நட்சத்திரங்களின் சத்தம் கெட்டுவிடும் என்பதால் கட்டின மனைவிக்குத் தபால் எழுதுகிறேன். மேலாளர் மேசைமேல் இருக்கிற தொலைபேசி உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இன்னும் உயிர் போகவில்லை. சீக்கிரம் எழுது.

உன் பண்டிதர்


பிப்ரவரி 6, வியாழன்

பண்டிதரே,

வண்டி வந்து நிற்கிறது. ஓட்டுநர் மூட்டைகளை இறக்கி டீ குடித்துவிட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம். அதற்குள் எழுத வேண்டும், அதனால் மரியாதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் கேள்வி. பெட்டியை நகர்த்தியது யார்? இரண்டு நொடி ஓடி நின்று, தானாக மறுபடி ஓடுகிறது என்றால் உள்ளே ஏதோ அசைந்திருக்கிறது. மூன்று வருடம் இருந்த இடத்தில் இருந்த பெட்டி தானாக அசையாது. எங்கே தூக்கிக்கொண்டு போனீர்கள்? மாடிப்படி ஏறினீர்களா?

இரண்டாவது கேள்வி. பல் டாக்டர் 'எட்டிப் பார்த்தார்' என்றால் எங்கிருந்து? அவர் மேல்வீட்டில், பெட்டி நம் முன்னறையில் மேசைக்கு அடியில். அவ்வளவு நீளமான கழுத்தா?

செய்ய வேண்டியது: சுவரில் வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்து, முன்பொத்தானை முப்பது நொடி அமுக்கிப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். தனியாகச் செய்யுங்கள். கடைக்கும் கொண்டுபோக வேண்டாம், அவன் பத்து நாள் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிவிடுவான். வேறு யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. அது நான் கட்டியது.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. என் அறை ஹீட்டர் போய்விட்டது, என்னோடு வேலை பார்க்கிற அந்தக் கண்ணாடிக்காரர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

பல் டாக்டருக்கு என்ன வயது?

மேஸ்திரி


பிப்ரவரி 11, செவ்வாய்

மேஸ்திரிக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கிலும் மாட்டிவிட்டேன். சமையலறையில் மிக்சியைக் கழற்றிவிட்டு அங்கேயும் பார்த்தேன். முப்பது நொடி அமுக்கச் சொன்னாய், நான் சந்தேகத்துக்கு அறுபது அமுக்கினேன். அதே தும்மல்தான்.

நான் மிக்சிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டாக்டருக்கே பாவமாகிவிட்டது. மொட்டைமாடிச் சாவி வாங்க வந்தவர். "நான் சும்மா பாக்குறேன், ஒண்ணும் கழட்டல" என்றார். நான் என்ன செய்ய? மூடியைத் திறந்துவிட்டேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல்லுக்குப் பின்னால் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை வயர்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் பார்த்தார். பார்க்க அழகாக இருந்தது, அந்த வேலையைச் சொல்கிறேன்.

அவர் சொன்னது உனக்குப் பிடிக்கும். "யாருங்க கட்டினது? என்ன கை சுத்தம்! ஒரு வயர் கூட குறுக்க போகல." என் மனைவி என்றேன். "அப்ப நான் பயந்துக்கிட்டுதான் தொடணும்" என்று சிரித்தார். ராம் என்கிற மெமரிப் பட்டைகளை எடுத்து ரப்பரால் துடைத்து மாட்டினார். பலனில்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் மெஷினில் மாட்டினால் என் பக்கங்களை எடுத்துவிடலாமாம். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு மணி நேரம் குனிந்தே இருந்தவரை நிற்க வைத்துப் பேச முடியுமா? உன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். நம் வயதுதான் இருக்கும். கேட்கவில்லை.

ஒன்பது நாளாக ஒரு பக்கம் நகரவில்லை. இன்னும் பதினேழு நாள்தான்.

பண்டிதர்


பிப்ரவரி 13, வியாழன்

பண்டிதரே,

என் நாற்காலியில் உட்கார வைத்தீர்களா? வீட்டில் வேறு நாற்காலியே இல்லையா? உங்கள் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நின்றிருக்கலாமே!

பல்லைப் பிடுங்குகிறவளுக்கு என் பெட்டிக்குள் என்ன வேலை? நெற்றி விளக்காம், குட்டிக் கண்ணாடியாம், கை சுத்தமாம். பதினைந்து அடி உயரத்தில் கம்பத்தில் தொங்கிக்கொண்டு விரல் மரத்துப் போய் நான் ரிசீவர் மாட்டுகிறேன், அதை ஒருநாளும் 'பார்க்க அழகாக இருந்தது' என்று நீங்கள் எழுதியதில்லை. நான் உங்களுக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்த பெட்டி அது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் நகம் உடைய உட்கார்ந்து மாட்டினேன். அதற்குள் யாரோ ஒருத்தி கையை விட்டு ரப்பரால் துடைக்கிறாள், நீங்கள் டீ போட்டுக் கொடுக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைக்க நேரமில்லை, ஓட்டுநர் டீயைக் கையில் எடுத்துவிட்டான்.

டிஸ்க்கைக் கழற்றக் கூடாது. கழற்றினால் உள்ளே இருப்பது போனாலும் போகும்.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். ராம் பட்டை இரண்டு இருக்கிறதல்லவா, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் முதல் பள்ளத்தில் மாட்டிப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லையென்றால் ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும், மின்சாரம் இறங்க வேண்டும். மறுநாள் இரண்டாம் பள்ளம். அதற்கு மறுநாள் அடுத்த பட்டை. இப்படி நான்கு நாள். அவசரப்பட்டால் எல்லாம் எரிந்துவிடும். நீங்கள் மட்டும் செய்யுங்கள், இது நிதானமாகச் செய்கிற வேலை, உங்களால் முடியும்.

அவள் வந்தால் உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்துங்கள்.

யார் நகர்த்தியது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மேஸ்திரி


பிப்ரவரி 18, செவ்வாய்

மேஸ்திரிக்கு,

சனிக்கிழமை ஒரு பட்டை, முதல் பள்ளம். ஓடவில்லை. ஒரு நாள் விட்டேன். ஞாயிறு இரண்டாம் பள்ளம். ஒரு நாள் விட்டேன். நேற்று அடுத்த பட்டை. டாக்டர் இரண்டு முறை கதவைத் தட்டினார். காய்ச்சல் என்றேன். காய்ச்சல்காரன் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பினார், அதையும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

இன்று காலை நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் ஆறவிடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு நாளா? ஒரு நிமிஷம் கூட வேண்டாம்ங்க. யாரு சொன்னா?" உன் கடிதத்தைக் காட்டவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு அந்தக் குட்டிக் கண்ணாடியை விட்டு ஒரு மூலையை வெகுநேரம் பார்த்தார். "இங்க ஒரு பிளக் பாதி வெளிய வந்திருக்கு. நூல் போட்டுக் கட்டியிருந்திருக்காங்க, அறுந்து தொங்குது. இதைக் கட்டினவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றார். மாட்டிவிடுங்களேன் என்றேன். "இன்னொரு டாக்டர் போட்ட தையல்ல அவங்களைக் கேக்காம நான் கை வைக்கறதில்ல. அவங்களே சொல்லட்டும்" என்று மூடியைச் சாத்திவிட்டார். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. நீ சொல்லும்வரை நானும் தொடப்போவதில்லை.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டோம். ஒன்றும் போகவில்லை, கடைசிப் பக்கம் வரை அப்படியே இருக்கிறது. இன்று முதல் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மேல்வீட்டில், அவருடைய மெஷினில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். ஒரு மணிக்கு மேல் அவருக்கு அது வேண்டும். நீ எதற்குப் பயந்தாயோ அதை நீயே படி ஏற்றி அனுப்பி வைத்திருக்கிறாய்.

பெட்டியை நகர்த்தியது நான்தான். எங்கும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நீ ஆறு மாதம் என்று எழுதிய கடிதம் வந்த மறுநாள் காலை, மேசையைப் பெட்டியோடு சேர்த்து ஜன்னல் பக்கம் தரதரவென்று இழுத்துத் திருப்பிப் போட்டேன். பழைய இடத்தில் உட்கார்ந்தால் எதிரே உன் காலி நாற்காலிதான் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை. இதை எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் போன கடிதத்தில் பதில் சொல்லாமல் நழுவினேன்.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை. கண்ணாடிக்காரர் ஹீட்டர் கொடுத்தார், கண்ணாடிக்காரர் நல்ல மனுஷன். டிசம்பரில் அவர் கம்பளிக் கையுறை கொடுத்தார். அதற்கு முன்னால் உன் காலணிக்குத் தோல் ஒட்டிக் கொடுத்தார். நான் வாயைத் திறந்தேனா? திறந்தால் என்னையும் உன்னைப் போலவே நினைப்பாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு முதல் கடிதத்திலேயே தெரியுமா?

பண்டிதர்


பிப்ரவரி 20, வியாழன்

என்னங்க,

தெரியும்.

'இரண்டு நொடி' என்று படித்ததுமே தெரியும். அன்று உங்கள் பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம், மதர்போர்டின் இடது மேல் மூலையில் எட்டு ஓட்டை பிளக் ஒன்றை மாட்டும்போது அதன் கிளிப் என் கையில் உடைந்துவிட்டது. புராசசருக்குச் சாப்பாடு போகிற வழி அதுதான். வயரும் நீளம் பற்றாமல் விறைத்துக்கொண்டிருந்தது. கடை மூடிவிட்டார்கள். தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்துச் சுற்றிக் கட்டினேன். நாளைக்கு நல்லதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் காலையில் எழுந்து வந்து, "முடிஞ்சுதா?" என்றீர்கள். "கச்சிதமா முடிஞ்சுது" என்றேன். நீங்கள் போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பினீர்கள், என் பொண்டாட்டி கட்டினது என்று. அதற்குப் பிறகு எப்படி நூல் என்று சொல்வேன்? மூன்று வருடம் ஓடியும்விட்டது.

நீங்கள் தனியாக இருந்திருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன். அவளும் படிப்பாள் என்றிருந்தது. அவள் அந்த மூலையைப் பார்த்துச் சிரிப்பாள், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள் என்று இங்கே உட்கார்ந்து கற்பனை செய்து செய்து வெந்துபோனேன். ஒரு நாள் ஆறவிட வேண்டும் என்பது அப்பட்டமான பொய். டிஸ்க் போய்விடும் என்பதும் பொய். உங்கள் தேதி எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் எழுதினேன்.

கேட்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், வீட்டு நிலைமைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று நானே முடிவு கட்டினேன். போட்ட அன்றிலிருந்து, இவள் இல்லாமலே பழகிக்கொள்வார் என்ற பயம் தொற்றிக்கொண்டது. பயந்துகொண்டிருக்கும்போது பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். என் நாற்காலிக்காக நீங்கள் மேசையைத் திருப்பிப் போட்டதைப் படித்துவிட்டு ரிசீவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கண்ணாடிக்காரர் இங்கே எல்லாருக்கும் எல்லாம் ஒட்டிக் கொடுப்பார். ஆனால் நான் ஒவ்வொன்றையும் உங்களுக்கு எழுதியதற்குக் காரணம் இருந்தது. நீங்கள் கொஞ்சமாவது கோபப்படுவீர்களா என்று பார்த்தேன். இனி எழுத மாட்டேன்.

சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த எட்டு ஓட்டை பிளக்கை நேராகப் பிடித்து, அடிப்பகுதி உட்காரும்வரை அழுத்துங்கள். பழைய நூலை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். உங்கள் விரல் அந்தச் சந்தில் நுழையாது. அவருடையது நுழையும். கீழே இருக்கும் பாதித் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

*டாக்டருக்கு வணக்கம். நூல் கட்டியது நான்தான். தெரிந்தும் சொல்லாமல் இவரை அலையவிட்டதும் நான்தான். அந்த மூலையில் நீங்கள் தாராளமாகக் கை வைக்கலாம். தயவுசெய்து கட்டிக் கொடுங்கள். கஞ்சிக்கு நன்றி.*

மேஸ்திரி


பிப்ரவரி 27, வியாழன்

என்னங்க,

வண்டி வந்தது. உங்கள் கடிதம் இல்லை. மூட்டைகளுக்கு அடியில் விழுந்திருக்குமோ என்று ஓட்டுநரை எல்லாவற்றையும் மறுபடி இறக்க வைத்தேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான்.

வேலையில் மூழ்கியிருப்பீர்கள் என்று ஒரு மனது சொல்கிறது. கோபம் என்று இன்னொன்று. மேல்வீட்டிலேயே இருக்கிறார் என்று மூன்றாவது ஒன்றும் சொல்கிறது. அதை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன், கேட்கிற ஜாதியில்லை.

நாளைக்கு இருபத்தெட்டு. கையெழுத்தைத் திரும்பப் பெற மாலை ஐந்து மணிக்குள் மேலாளரிடம் தாளைக் கொடுக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நாளைக் காலையிலிருந்து அவர் மேசைப் பக்கத்திலேயே நிற்பேன். அந்தத் தொலைபேசி உயிர் போகிற விஷயத்துக்குத்தான். எனக்கு இது அப்படித்தான் இருக்கிறது. வேலை கிடைத்திருந்தால் கூப்பிட்டுவிடுவீர்கள். இல்லையென்றால் தாளைக் கிழித்துவிட்டு கம்பத்தில் ஏறுவேன்.

மேஸ்திரி


மார்ச் 4, செவ்வாய்

மேஸ்திரிக்கு,

தொலைபேசி அடித்திருக்காது. நீ அங்கே நிற்பாய் என்று உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எண்ணை அமுக்கிவிட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். சொல்ல நல்ல சேதி இல்லை.

பெட்டி இருபத்திரண்டாம் தேதியே ஓடிவிட்டது. உன் பாதித் தாளை டாக்டர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். "இப்படி எழுத எனக்கு வராதுங்க" என்றார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகு நூலால் பிளக்கைச் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டார். நான் விளக்குப் பிடித்தேன். ஐந்து நிமிட வேலை. பொத்தானை அமுக்கியதும் திரை வெளிச்சமானபோது நாங்கள் இருவரும் கைதட்டினோம், நீ இல்லையே என்று உடனே நிறுத்திவிட்டேன்.

அதன்பிறகு சாப்பாடு தவிர எதற்கும் எழுந்திருக்கவில்லை. கடிதம் எழுதாததற்குக் காரணம் பாதி அதுதான். மீதி கோபம். வெள்ளி மதியம் கணக்கெடுத்தபோது நாற்பத்தொரு பக்கம் மிச்சமிருந்தது. மூன்று நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மிச்சத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள், அந்த இடத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை பார்க்கலாமாம்.

ஒளிக்காமல் சொல்கிறேன். உன் முதல் பதிலிலேயே அந்த மூலையைச் சொல்லியிருந்தால் எனக்குப் பத்து நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். நாற்பத்தொரு பக்கத்துக்கு மூன்று நாள் போதும். நீ அந்தத் தாளைக் கொடுத்திருப்பாய், இந்நேரம் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பாய். உன் பத்து நாள் நம் ஆறு மாதத்தைத் தின்றுவிட்டது. எனக்குக் கோபம் இருக்கிறது, போக நாளாகும். போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நமக்குள் இந்த மாதம் சொன்ன பொய்யே போதும்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அங்கே போன ஒன்பது மாதத்தில் எனக்கு வந்ததெல்லாம் ஐந்து வரி, ஆறு வரி. குளிர், சாப்பாடு, நலம். பெட்டி கெட்டுப்போன பிறகுதான் நான்கு பக்கம் வந்தது. திட்டினாய், சந்தேகப்பட்டாய், என் நாற்காலி என்று கத்தினாய், அழுதேன் என்றாய். அதையெல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். கோபம் வரும்போது எடுத்துப் படிக்கிறேன், படித்து முடிப்பதற்குள் உன் குரல் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

நாளைக்கு வேறு வேலை தேடிக் கிளம்புகிறேன். நீ ஆறு மாதத்தையும் முடித்துவிட்டு வா.

இந்த வாரம் பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்தாலும் எழுது.

உன் பண்டிதர்